ஃபின்னிய மொழியில் வாலுக்குப் புள்ளி வைப்பதா, வேண்டாமா? புதிதாக வந்தவர்களுக்கு உயிரொலி இணக்கம்

ஃபின்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மொழி வகுப்பில் எழுதிய தாள் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். "நான் தம்பெரேயில் வசிக்கிறேன். என் அண்ணன் ஹெல்சிங்கியில் வசிக்கிறான்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். இரண்டு ஊர்ப் பெயர்களின் வாலிலும், அதாவது பின்னால் ஒட்டும் விகுதியிலும், சிவப்பு வட்டம். ஒன்றில் வைக்கக் கூடாத இரட்டைப் புள்ளியை வைத்துவிட்டேன், மற்றதில் வைக்க வேண்டியதை விட்டுவிட்டேன். சொல்லின் உயிரைப் பார்த்து வாலின் உயிரை முடிவு செய்வதுதான் உயிரொலி இணக்கம். பாடப்புத்தகம் இந்த விதியை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது. எனக்கு அது பிடிபட இரண்டு மாதம் ஆனது. எந்த இடத்தில் சறுக்கும், எவ்வளவு நாள் ஆகும், என்ன வாங்க வேண்டும், எதை வாங்கவே வேண்டாம் என்று அன்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும்.

1. எழுத்துகளை மூன்று கூடையில் போடுங்கள்

ஃபின்னியத்தில் எட்டு உயிரொலிகள். அவற்றில் மூன்றுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் ' குறி இருந்தால் அதை நாக்கை முன்னுக்குத் தள்ளிச் சொல்ல வேண்டும்.

முதல் கூடை, பின்னொலி: அ, ஒ, உ.
இரண்டாம் கூடை, முன்னொலி: அ', ஒ', உ'.
மூன்றாம் கூடை, நடுநிலை: எ, இ.

ஃபின்னிய எழுத்தில் அ' என்பது ஆங்கில ஏ எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி. ஒ' என்பது ஓ எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி. உ' என்பது புள்ளியே இல்லாத சாதாரண ஒய் எழுத்து. முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலப் பழக்கத்தில் ஒய்யைப் பார்த்ததும் நாம் "ய" என்று வாசித்துவிடுகிறோம். இங்கே அது முழு உயிரெழுத்து. "ய" ஒலிக்கு ஜே எழுத்தைப் போடுகிறார்கள். யு'வ'ஸ்கு'ல' என்ற ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்று: நான் எழுதும் ஃபின்னியச் சொற்களில் க, த, ப எங்கே வந்தாலும் சொல்லின் முதலில் வருவது போல அழுத்தமாகவே சொல்லுங்கள்.

விதி இதுதான். ஒரு தனிச்சொல்லுக்குள் முதல் கூடையும் இரண்டாம் கூடையும் கலக்காது. சொல் எந்தக் கூடையோ, பின்னால் ஒட்டும் விகுதியும் அதே கூடை.

தலொ (வீடு) – தலொஸ்ஸ (வீட்டில்)
கு'ல' (கிராமம்) – கு'ல'ஸ்ஸ' (கிராமத்தில்)

குறி இருந்தால் கடைசி வரை இருக்கும், இல்லாவிட்டால் கடைசி வரை இருக்காது. இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதியும் இல்லை. மணி + அடித்தான் என்றால் மணியடித்தான், பூ + அழகு என்றால் பூவழகு. முன்னால் நிற்கும் உயிரைப் பார்த்துத்தானே யகரமா வகரமா என்று முடிவு செய்கிறோம்? அங்கே நடுவில் ஒரு மெய் மாறுகிறது, இங்கே வாலில் உள்ள உயிரே மாறுகிறது.

2. விதியை விடுங்கள், முதலில் வாயைப் பழக்குங்கள்

நான் செய்த பெரிய தவறு, விதியை மனப்பாடம் செய்துவிட்டு ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அ-வும் அ'-வும் காதில் ஒன்றாகவே விழுந்தால் எந்த விதியும் உதவாது.

அ' எளிது. கிரிக்கெட் பேட், ஃபேன் என்று சொல்லும்போது வரும் அந்தத் திறந்த ஒலி.

உ' சொல்ல, "ஈ" என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவியுங்கள். ஒ' சொல்ல, "ஏ" என்று நீட்டி உதட்டை "ஓ"வுக்குக் குவியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று செய்வது நல்லது.

இங்கே தமிழருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் உதடு குவிந்தால் நாக்கும் கூடவே பின்னுக்குப் போய்விடும். பெண் பொண்ணாகிறது, வீடு வூடாகிறது, பெட்டி பொட்டியாகிறது. உதட்டில் பிறக்கும் ப, வ பக்கத்தில் இருப்பதால் உதடு குவிகிறது, நாக்கு பின்வாங்குகிறது. ஃபின்னியத்தில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். உதடு குவியட்டும், நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே நிற்கட்டும். எனக்குக் கைகொடுத்த வழி: நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்புறம் ஒட்டி வைத்துக்கொண்டு, அதை எடுக்காமலே பேசுவது. ஒரு வாரத்தில் பிடிபடும்.

காதைச் சோதிக்க இந்த இணைகளை யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்: குறி மாறினால் பொருள் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

ஸாரி (தீவு) – ஸா'ரி (முழங்காலுக்குக் கீழுள்ள கால்)
தூலி (காற்று) – தூ'லி (பாணி)
கூ (நிலா) – கூ' (விரியன் பாம்பு)
ஸூ (வாய்) – ஸூ' (காரணம்)

கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு எட்டாவது சரியாகப் பிரிக்க முடிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். அதற்கு முன் போவது வீண்.

3. எந்த வால் மாறும், எது மாறாது

ஃபின்னியத்தில் 15 வேற்றுமைகள் என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும். இணக்கத்துக்காகக் கவலைப்பட வேண்டியவை அவற்றில் ஏழுதான். அதிலும் அன்றாடம் வருபவை இவை:

ஸ்ஸ / ஸ்ஸ' – உள்ளே
ஸ்த / ஸ்த' – உள்ளிருந்து
ல்ல / ல்ல' – மேலே, இடத்தில், உடைமைக்கும்
ல்த / ல்த' – மேலிருந்து, ஒருவரிடமிருந்து
ன / ன' – "ஆக" (ஆசிரியராக, செவிலியராக)
அ / அ', த / த' – பகுதிப்பொருள் காட்டுவது (முழுதாக இல்லாமல் கொஞ்சம் என்பது போல)

உயிரில் எ அல்லது இ மட்டும் உள்ள விகுதிகள் மாறவே மாறாது. ல்லெ (மேலுக்கு, ஒருவருக்கு), க்ஸி (ஆக மாறுதல்) இரண்டும் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் நேரம் செலவிட வேண்டாம். "உள்ளே போவது" என்பதற்கான விகுதி பெரும்பாலும் சொல்லின் கடைசி உயிரையே நீட்டிக்கொள்கிறது: தலோன், கு'லா'ன். அங்கே இணக்கம் தானாகவே அமைந்துவிடும்.

பெயர்ச்சொல்லில் கவனமாக இருந்துவிட்டு வினையில் கோட்டை விடுபவர்கள் நிறைய. கேள்விக் கொளு கொ / கொ' (நம் "ஆ" போல), பன்மை வினைமுற்று வத் / வ'த், இறந்தகால எச்சம் நுத் / நு'த், எல்லாமே மாறும்.

துலெத்கொ? (நீ வருகிறாயா?) – மெனெத்கொ'? (நீ போகிறாயா?)
துலெவத் (வருகிறார்கள்) – மெனெவ'த் (போகிறார்கள்)
துல்லுத் (வந்த) – மென்னு'த் (போன)

வருவதும் போவதும் ஒரு நாளில் எத்தனை முறை வாயில் வரும்! இந்த ஆறு வடிவங்களையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். பிறகு புது வினை வரும்போது "இது துல்ல சாதியா, மென்ன' சாதியா" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

சுட்டுச்சொற்களும் அப்படித்தான். த'ஸ்ஸ' என்றால் "இதில்", துஒஸ்ஸ என்றால் "அதில்". ஒரு விசித்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நான்" என்பது மின'. "என்னிடம்" என்பது மினுல்ல. எழுவாயில் முன்னொலி, வேற்றுமை ஏற்றதும் உ வந்து பின்னொலி ஆகிவிடுகிறது. "என்னிடம் இருக்கிறது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் இது தேவைப்படும், அதனால் மினுல்ல, ஸினுல்ல (உன்னிடம்), ஹ'னெல்ல' (அவரிடம்) மூன்றையும் அப்படியே விழுங்கிவிடுங்கள்.

4. எ, இ இரண்டையும் கண்ணுக்குத் தெரியாதவையாக நினையுங்கள்

என் தாளில் இருந்த இரண்டு சிவப்பு வட்டங்களும் இந்த இடத்தில் விழுந்தவைதான்.

தம்பெரே: கடைசியில் எ எ என்று இரண்டு நடுநிலை. எ என்பது வாயின் முன்பக்கத்தில் பிறக்கும் ஒலி, ஆகவே முன்னொலி வால்தான் வரும் என்று நானாக முடிவு செய்து தம்பெரேல்ல' என்று எழுதினேன். தவறு. நடுநிலை உயிர்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். தம் என்பதில் ஓர் அ உட்கார்ந்திருக்கிறது. அதுதான் முடிவு செய்யும்: தம்பெரேல்ல.

ஹெல்ஸிங்கி: எ, இ, இ. திரும்பிப் போனால் யாருமே இல்லை. சொல் முழுக்க நடுநிலை என்றால் வால் முன்னொலி: ஹெல்ஸிங்ஙிஸ்ஸ'. (ங்க அங்கே ங்ங ஆகிறது. "அங்ஙனம்" என்று சொல்லத் தெரிந்த நமக்கு அது கஷ்டமில்லை.)

ஆக, வேலை இவ்வளவுதான்: சொல்லின் கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். எ, இ வந்தால் தாண்டுங்கள். முதலில் கண்ணில் படும் மற்ற உயிர் எந்தக் கூடையோ அதுவே வால். யாரும் தட்டுப்படாவிட்டால் முன்னொலி.

பயிற்சிக்குச் சொந்த ஊரையே வைத்துக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தீர்கள் என்று முதல் நாளே எல்லோரும் கேட்பார்கள். சென்னைஸ்த, மதுரைஸ்த (ஐ என்பதை அ, இ என்று பிரித்துப் பாருங்கள்), கொலொம்பொஸ்த, ஆனால் தெல்ஹிஸ்த'. அப்புறம் வேலை: இன்ஸினோ'ரின' (பொறியாளராக), லா'க'ரின' (மருத்துவராக), ஒபெத்தயன (ஆசிரியராக), ஸைரான்ஹொய்தயன (செவிலியராக), கொக்கின (சமையல்காரராக). உங்களுடையதை இன்றே எழுதிப் பார்த்துவிடுங்கள்.

இதற்கும் ஒரு மீறல் உண்டு. மெரி என்றால் கடல். கடலில் என்பதற்கு மெரெஸ்ஸ', விதிப்படி. ஆனால் பகுதிப்பொருள் வடிவம் மெர்த, குறியே இல்லை. வெரி (ரத்தம்) என்பதும் அப்படியே: வெர்த. இந்த இரண்டையும் விதிக்குள் அடக்கப் பார்க்காமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

புதுச்சொல் பிறக்கும்போதும் நடுநிலைச் சொற்கள் குணம் மாறுகின்றன. பெஸ்த' என்றால் கழுவுதல், முன்னொலி. அதிலிருந்து வந்த பெஸுல (சலவையகம்) பின்னொலி, ஏனென்றால் அதற்குள் உ வந்துவிட்டது. அழுவது இத்கெஅ', அழுகை இத்கு. அறிவது தியெதா', தகவல் தியெதொ. வேர் ஒன்றாயிற்றே என்று நம்பி வாலை ஒட்டாதீர்கள். கையில் இருக்கும் சொல்லை மட்டும் பாருங்கள்.

5. கூட்டுச்சொல்லை வெட்டிப் பாருங்கள்

அரசாங்கப் படிவத்தைக் கையில் எடுத்ததும் விதி பொய்யாகிவிட்டதோ என்று தோன்றும். அடையாள எண்ணுக்கு ஹெங்கிலொ'துன்னுஸ் என்று பெயர். ஒ'-வும் உ-வும் ஒரே சொல்லில்! விதி பொய்யாகவில்லை. ஹெங்கிலொ' (நபர்) + துன்னுஸ் (அடையாளம்) என்ற இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. கூட்டுச்சொல்லில் வாலை முடிவு செய்வது கடைசிச் சொல் மட்டுமே.

து'ஒ' (வேலை) + பைக்க (இடம்) – து'ஒ'பைகல்ல (வேலையிடத்தில்)
ஸ'ஹ்கொ' (மின்சாரம்) + பொஸ்தி (அஞ்சல்) – ஸ'ஹ்கொ'பொஸ்திஸ்ஸ (மின்னஞ்சலில்)
பா' (தலை) + கௌபுங்கி (நகரம்) – பா'கௌபுங்ஙிஸ்ஸ (தலைநகரத்தில்)
லெந்தொ (பறத்தல்) + கெந்த்த' (திடல்) – லெந்தொகெந்த'ல்ல' (விமான நிலையத்தில்)

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். எனக்கு இந்தத் தந்திரம் பிடிபட்ட நாளில் இருந்துதான் நீளமான கடிதங்களை வாசிக்கத் துணிச்சல் வந்தது. ஒரு நெடுஞ்சொல்லில் இரண்டு கூடையும் கலந்திருந்தால் அது பெரும்பாலும் கூட்டுச்சொல். கூடை மாறும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ வெட்டுவாய் இருக்கிறது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், இரண்டு பாதியையும் தனித்தனியாக அகராதியில் தேடுங்கள். வாடகை ஒப்பந்தம், வரித்துறைக் கடிதம், வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் இது உதவும்.

வெளியிலிருந்து வந்த சொற்களிலும் கூடைகள் கலக்கும். ஒலிம்பிக்ஸ் இங்கே ஒலு'ம்பியலைஸெத். கடைசியில் நிற்கும் அ-தான் ஆட்சி செய்யும்: ஒலு'ம்பியலைஸிஸ்ஸ. அனலூ'ஸி (பகுப்பாய்வு) போன்றவற்றில் விதிப்படி முன்னொலி வால் வரும், ஆனால் ஊர்க்காரர்களிடமே இரண்டு விதமும் காதில் விழும். நீங்கள் விதிப்படியே எழுதுங்கள்.

6. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

இந்த ஒரு விஷயத்துக்காகக் காசு கொடுத்து வகுப்பில் சேர வேண்டாம். தேவையானவை கிட்டத்தட்ட எல்லாமே இலவசம்.

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. பின்னொலிச் சொல்லை நீலத்தில் எழுதினேன், முன்னொலியைப் பச்சையில். முழுக்க நடுநிலையானவற்றைப் பச்சையில் எழுதி அடியில் கோடு போட்டேன். கூட்டுச்சொல்லில் இரண்டு நிறமும் வரும், எந்த நிறத்தில் முடிகிறதோ அதே நிறத்தில் வால். மூன்றாவது வாரத்தில் சொல்லை நினைத்தாலே நிறம் நினைவுக்கு வர ஆரம்பித்தது.

அகராதி: கொதுஸ் என்னும் அரசு மொழி நிறுவனத்தின் அகராதி இணையத்தில் இலவசம். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள்.

நூலக அட்டை: பொது நூலகத்தில் நூல்களை எடுக்கக் கட்டணம் இல்லை. அட்டை வாங்க அடையாள ஆவணத்தைக் கொண்டுபோங்கள். பல நூலகங்களில் கியெலிகஹ்வில என்ற மொழிக்கூடல் நடக்கும். காப்பி குடித்துக்கொண்டு ஃபின்னியம் பேசலாம், தவறைத் திருத்துவார்கள்.

செய்தி: உ'லெ என்னும் பொது ஒலிபரப்பு நிறுவனம் எளிய ஃபின்னியத்தில் செய்தி தருகிறது. எழுத்து வடிவமும் கிடைக்கும். ஒரு செய்தியை எடுத்து மாறும் வால்களை மட்டும் வட்டமிடுங்கள்.

விசைப்பலகை: தொலைபேசியில் இன்றே ஃபின்னிய விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். "புள்ளி இல்லாமலும் புரியும்" என்று சோம்பல்பட்டால் கை தவறாகப் பழகிவிடும். மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி ஆகியவற்றிலிருந்து சொல்லைக் கற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே பெரும்பாலும் புள்ளியை எடுத்துவிடுவார்கள். கடவுச்சீட்டின் அடியில் உள்ள இயந்திர வரியிலும் புள்ளி வராது. படிவத்தில் முகவரி எழுதும்போது வாடகை ஒப்பந்தத்தில் உள்ளதைப் பார்த்து, புள்ளியோடு அப்படியே எழுதுங்கள்.

7. எஸ்தோனியா, ஹங்கேரிப் பக்கம் போகிறவர்களுக்கு

மூன்று மொழிகளும் ஒரே உராலிய மொழிக் குடும்பம்தான், ஆனால் இந்த விதியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தாலினில் பேசும் பொது எஸ்தோனிய மொழியில் இணக்கம் தொலைந்துவிட்டது. கிராமத்தில் என்பது ஃபின்னியத்தில் கு'ல'ஸ்ஸ', எஸ்தோனியத்தில் கு'லஸ். முன்னால் உ', பின்னால் அ, ஒரே சொல்லில் நிம்மதியாக இருக்கின்றன. தென் எஸ்தோனியாவின் வோரு போன்ற சில வட்டாரப் பேச்சுகளில் பழைய இணக்கம் இன்னும் இருக்கிறது.

ஹங்கேரியத்தில் இணக்கம் உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே. வீட்டில் என்பதற்கு ஹாஸ்பன், தோட்டத்தில் என்பதற்கு கெர்த்பென். சில விகுதிகளுக்கு மூன்று வடிவம்: ஹொஸ், ஹெஸ், ஹொ'ஸ். உதடு குவிகிறதா என்பதையும் அங்கே பார்க்க வேண்டும். ஹீட் (பாலம்) போன்ற சில சொற்களில் ஈ மட்டும்தான் இருக்கும், ஆனாலும் பின்னொலி வாலை எடுக்கும்: ஹீடொன். கூட்டுச்சொல் விதி மட்டும் இங்கேயும் அதே. புதபெஷ்த் என்ற பெயர் புத, பெஷ்த் என்ற இரண்டு ஊர்ப் பெயர்கள் சேர்ந்தது, ஆகவே பெஷ்த்தைப் பார்த்துப் புதபெஷ்தென்.

8. எத்தனை நாள், தேர்வில் என்ன செய்வது

விதியைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். காதுக்கும் வாய்க்கும் இரண்டு வாரம், தினம் கால் மணி நேரம். எழுத்தில் தவறு குறைய ஒரு மாதம். யோசிக்காமல் பேச்சில் வருவதற்கு எனக்கு அரை வருடம் ஆனது. நடுவில் பேச்சை நிறுத்தி நிறுத்தி வாலைத் தேடாதீர்கள். தவறான வாலோடு சொன்னாலும் எதிரே இருப்பவருக்குப் புரியும், நடுவாக்கியத்தில் நின்றுபோனால்தான் புரியாது.

குடியுரிமைக்காக எழுதுபவர்களுக்கு உ'கி என்னும் பொது மொழித்தேர்வு. மொத்தம் 6 நிலைகள், இடைநிலைத் தேர்வில் 3ஆம் நிலை வேண்டும். கட்டணம் நூறு யூரோவுக்கு மேல், அவ்வப்போது மாறும், பதிவு செய்யும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, பதிவு திறக்கும் நாளைக் குறித்துவைத்து அந்த நேரத்துக்கு உட்காருங்கள். தேர்வன்று செல்லுபடியாகும் படம் போட்ட அடையாள ஆவணம் கட்டாயம்.

பேச்சுத் தேர்வில் காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு பதிவுக் கருவியிடம் பேச வேண்டும். அங்கே வாலைத் திருத்த நேரமில்லை, விட்டுவிடுங்கள். எழுத்துத் தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பொருளை வாசிக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லின் வாலில் விரலை வைத்து முன்னோக்கி நகர்த்துங்கள்: எ, இ தாண்டு, மற்றது வந்தால் நில், வாலோடு ஒப்பிடு. முதலில் ஊர்ப் பெயர்கள், அடுத்து கேள்விக் கொளு, கடைசியாகக் கூட்டுச்சொற்கள். என் தாளில் அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு இடம் திருத்தினேன். அவற்றில் ஒன்று தம்பெரேல்ல.